இருபது நிமிஷம்தான்

கூடைப்பந்து ஆடுகளத்தின் ஓரத்து மேசைக்கு அடியில் போன அப்பா வெளியே வரவில்லை. ஆட்டக் கடிகாரத்தின் ஒயரைப் பிளக்கில் செருகத்தான் போயிருந்தார். இருபத்தேழு வருடமாகச் செய்கிற வேலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வார். அவள் தன் பங்குக்கு இருபத்துநாலு வினாடிக் கடிகாரத்தைப் போட்டுப் பார்த்து, நிறுத்தி, மறுபடியும் போட்டுப் பார்த்து முடித்துவிட்டாள். மேசை விரிப்புக்குக் கீழே அவருடைய ஷூக்களின் அடிப்பாகம் இரண்டும் அசையாமல் தெரிந்துகொண்டிருந்தன.

"அப்பா?"

"ம்."

"என்ன பண்றீங்க?"

"பிளக்கு லூசா இருக்கு. இரு."

குனிந்து பார்த்தாள். பிளக் ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. அப்பா முட்டி போட்டு, மேசைக் காலில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை நீட்டிப் பிளக்கை வீணாக ஒரு தடவை அழுத்தினார்.

"பல்லா?"

"பல்லுதான். வேற என்ன."

காலையிலிருந்தே பல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு இடது தாடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பது வருடமாக ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் பல்வலிக் கதையெல்லாம் எடுபடாது.

"பல்லு வலிக்கு இப்படி வேர்க்குமா?"

"வெயில் காலம். வேர்க்காம?"

"ஒரு நாள் நீங்க போகலன்னா அங்க குடி முழுகிப் போயிடுமா?"

"இன்னிக்குத்தான் முழுகுது. அதைப் பாக்கத்தானே போறேன்" என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அம்மா சிரிக்கவில்லை.

அவர் ஷூ கட்டக் குனிந்த நேரத்தில் அம்மா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "அந்த மனுஷன் வாயிலேர்ந்து முடியலங்கற வார்த்தை வராது. உனக்கே தெரியும். நீதான் கண்ணைத் தொறந்து வெச்சுக்கணும். கொஞ்சம் ஒரு மாதிரி தெரிஞ்சாலும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரு. ஆட்டம் கீட்டம்னு நிக்காத. அவர் உன் பொறுப்பு, சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றாள். அந்தச் 'சரி'யை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

இப்போது அப்பா மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் கடிகாரப் பெட்டியையும் துடைத்தார். ஆரம்பிக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம்.

அணியை நடத்திவந்த பிஸ்கட் கம்பெனியைப் போன வருடம் வேறு யாரோ வாங்கினார்கள். வாங்கியவர்களுக்குப் பிஸ்கட் வேண்டும், கூடைப்பந்து வேண்டாம். இந்தப் பருவத்தோடு அணி கலைக்கப்படும் என்று முதல் ஆட்டத்துக்கு முந்தின நாளே அரைப் பக்கக் கடிதம் வந்துவிட்டது. தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அதுவரை நன்றாக ஆடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். என்ன மனிதர்களோ! அதற்குப் பிறகு அரங்கத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. உயரமான ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வேறு அணிக்குப் போனார்கள். அறிவிப்பாளர் போனார். வடக்குப் பக்கத்து நாற்காலிகளை ஆட்கள் வந்து ஸ்க்ரூ கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆட்டக்காரர்கள் பயிற்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றினார்கள். கூரையில் பதினாறு விளக்குகளில் ஆறு எரிவதில்லை. அந்த இருட்டு மூலைக்குப் பந்து உருண்டுபோனால் எடுத்து வர ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்பாவோடு மாறி மாறி ஆட்டக் கடிகாரம் பார்த்தவரும் பருவத்தின் நடுவில் வேறு அரங்கத்துக்குப் போய்விட்டார். அதற்கான லைசென்ஸ் உள்ளவர் அப்பா ஒருவர்தான் மிச்சம். இருபத்துநாலு வினாடிக் கடிகாரம் அவளுடையது. பந்து ஒரு அணியின் கைக்கு வந்ததும் அழுத்துவாள், இருபத்துநாலு வினாடிக்குள் அவர்கள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும். இரண்டு கடிகாரத்தையும் ஒருவரே பார்க்க விதியில் இடமில்லை. அப்பா எழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். நின்ற ஆட்டத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ள இந்த அணிக்கு இன்னொரு நாள் கிடையாது.

வார நாட்களில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வீட்டில் அப்பாவும் அவளும் அதிகம் பேசிக்கொண்டதில்லை, சண்டை போட்டுக்கொண்டதும் இல்லை. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பத்து வருடத்தில்தான் அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் விரல் அசைவதற்கும் அவள் விரல் அசைவதற்கும் இடையில் ஒரு இழைகூட இருக்காது. கடைசி ஆட்டம் அவருக்கு வேண்டியிருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கும் வேண்டியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எதிர் அணியின் மானேஜர் மேசைக்கு வந்தார். "ஆம்புலன்ஸ் எங்க? வாசல்ல காணோமே?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றார் இவர்களுடைய மானேஜர். பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்தே அது வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது என்று மேசையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆம்புலன்ஸ் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது சார். விதி."

அப்பா நிமிர்ந்தார். "கடைசி ஆட்டம் சார். இவங்க எட்டு பேர் இருக்காங்க, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்க பெரிய மனசு பண்ணுங்க."

எதிர் அணி மானேஜர் காலியாகக் கிடந்த வடக்குப் பக்கத்தைப் பார்த்தார். கழற்றிய நாற்காலிகளின் இடத்தில் தரையில் வரிசை வரிசையாக ஓட்டைகள். பெரிய மனசு பண்ணிவிட்டுப் போனார்.

அடுத்து உட்கார்ந்திருந்த ஸ்கோரர் பென்சிலைச் சீவிக்கொண்டே, "செகண்டு, நீங்க வெளுத்துப் போயிருக்கீங்க" என்றார். அரங்கத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

"விளக்கு கம்மி. நீங்களும்தான் கறுத்துப் போயிருக்கீங்க."

முதல் பாதி எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒரு கண் பந்தின் மேல், ஒரு கண் அப்பாவின் மேல். அவர் விரல் தப்பவில்லை. விசில் ஊதினால் நிறுத்தினார், பந்து உள்ளே வந்து ஒரு கை பட்டதும் ஓடவிட்டார். நிற்கும் நேரங்களில் மட்டும் இடது கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். அது பல்லில்லை என்று அவளுக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே தெரிந்துவிட்டது. ஓடும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எடுக்காமல் இருக்க அது ஒரு சாக்காகவும் இருந்தது.

இடைவேளை ஹூட்டர் அடித்தபோது அணி நான்கு புள்ளி முன்னால் இருந்தது. பருவம் முழுக்க அடி வாங்கிய அணி. கூட்டம் என்று சொல்ல முடியாத நூற்று ஐம்பது பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

அப்பா பின்வாசல் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அவள் காகிதக் கோப்பையில் டீ கொண்டுபோனாள். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை. இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

"கை வரைக்கும் வந்திருச்சு" என்றார்.

அவள் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அவர் உடம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"போயிடலாமாம்மா?"

இத்தனை வருடத்தில் மேசையை விட்டுப் பாதியில் எழாதவர், எழுந்துபோகலாமா என்று அவளைக் கேட்டார். அனுமதி கேட்கிற குரல். அம்மா சொன்னது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. கையைப் பிடித்து எழுப்ப வேண்டியதுதான் பாக்கி. வாசலில் ஆட்டோ நின்றது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. உள்ளே யாரோ இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்கு புள்ளி முன்னால். இவர் எழுந்தால் இந்த அணி முடிக்கப்படாத ஒரு ஆட்டமாகத்தான் கடைசியில் எழுதப்படும், நாளைக்கு உடம்பு சரியானதும் முதலில் இவரே அதை நினைத்துப் புலம்புவார், என்னைத்தான் கேட்பார் என்று எண்ணினாள். இத்தனையும் எண்ண அவளுக்கு நேரம் இருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம்தான்பா" என்றாள். "முடிச்சிட்டே போயிடலாம்."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா. இருபது நிமிஷம்தானே."

பின்னால் கதவு திறந்திருந்தது. கேப்டன் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாக இந்த அணியில் இருப்பவன். முப்பத்தைந்து வயது, இதற்குப் பிறகு அவனை எந்த அணியும் எடுக்காது. அப்பாவின் முதுகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"தாங்கிடுவீங்கல்ல சார்?" என்றான். அதில் கேள்வியைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

"நாங்க பாத்துக்கறோம்" என்று அவள் சொன்னாள்.

அவன் போனதும் கைப்பேசி அடித்தது. அம்மா. அவள் நாலு படி தள்ளிப் போய்ப் பேசினாள். "நல்லா இருக்கார்மா. டீ குடிச்சிட்டு இருக்கார்... இல்ல, வேர்க்கல்லாம் இல்ல... சரிம்மா. வெச்சிடறேன், கூப்பிடறாங்க." யாரும் கூப்பிடவில்லை. டீயில் ஆடை கட்டியிருந்தது.

மூன்றாவது குவார்ட்டரில் ஃபவுல் மேல் ஃபவுல். விசில், விசில், விசில். எதிர் அணி டைம் அவுட் கேட்டது, இவர்கள் கேட்டார்கள், ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான், அவனைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்துத் தரையைத் துடைத்தார்கள். அப்பாவின் கடிகாரம் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். பெட்டியில் ஐந்து நிமிடம் பதினொரு வினாடி என்று சிவப்பாக நின்றுகொண்டே இருந்தது. அவள் மனதுக்குள், சீக்கிரம், சீக்கிரம் என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியாது.

அப்பா இப்போது பேசுவதை நிறுத்திவிட்டார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. ஸ்கோரர் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள்.

நாலாவது குவார்ட்டர். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி மிச்சம். இவர்களில் ஒருவன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, எதிர் அணிக்காரன் எகிறிப் பிடித்தான். அவள் அழுத்தினாள். இருபத்துநாலு. அந்த நொடியில் பக்கத்தில் அப்பாவின் இடது கை மேசையிலிருந்து நழுவி விழுந்தது. தலை கடிகாரப் பெட்டியின் மேல் சாய்ந்தது. எண்ணைப் பார்க்கக் குனிந்தது போலத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியும்.

பந்து ஓடும்போது மேசையில் இருப்பவர்களுக்கு வாய் கிடையாது. அப்பா அதை வேதமாகச் சொல்வார். ஒரு தடவை பந்து நேராக ஸ்கோரரின் முகத்தில் வந்து அடித்து மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியபோதுகூட அந்த மனிதர் விசில் வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருந்தார். அந்தத் தாளில் கறையைக் காட்டி வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள். எழுந்து கத்த வேண்டும் என்று அவளுக்கு மூளையில் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. விரல் பொத்தானின் மேல் இருந்தது, கண் பந்தின் மேல் இருந்தது. இருபது. பதினாறு. எதிர் அணிக்காரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டு அவசரமே இல்லாமல் சுற்றினார்கள். பன்னிரண்டு. ஊதுங்கடா என்று நினைத்தாள். யாராவது யாரையாவது தள்ளுங்கடா. ஒன்பது. ஏழு. விசில்.

அவள் தன் கடிகாரத்தைச் சரியாக ஐந்தில் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

நடுவர் ஏற்கெனவே மேசையைப் பார்த்துக் கோபமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். விசிலுக்குப் பிறகும் ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த அரங்கத்தில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. "கிளாக்! கிளாக்!" என்று கத்தினார்.

"அப்பா, நிறுத்துங்கப்பா" என்றாள் அவள். ஏன் அதைச் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

எதிர் அணியின் பிசியோ பெண் பெஞ்சைத் தாண்டி ஓடி வந்தாள். அப்பாவைத் தரையில் கிடத்தி, சட்டைப் பொத்தான்களை அறுத்து, மார்பை அழுத்த ஆரம்பித்தாள். ஒருவன் கூடவே எண்ணினான். "ஆம்புலன்ஸ்!" என்று நாலு பக்கமும் குரல் கேட்டது. மானேஜர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். அவள் அப்பாவின் கால்மாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டினாள். யாரோ, "எங்க பஸ் வாசல்ல நிக்குது, தூக்குங்க" என்றார்கள். இரண்டு அணிக்காரர்களும் சேர்ந்து தூக்கினார்கள். அத்தனை உயரத்துக்கு மேலே போனதில் அவளுக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை.

வாசலைத் தாண்டும்போது ஹூட்டர் அடித்தது. கடிகாரத்தை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஓடிப் பூஜ்யத்துக்கு வந்து, காலியாக இருந்த ஆடுகளத்தின் மேல் நீளமாகக் கத்திவிட்டு ஓய்ந்தது. தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன கதவு அரை மணி நேரம் மூடியிருந்தது. திறந்துகொண்டு வந்த டாக்டர் அவளைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?"

"காலைலேர்ந்து பல்லுன்னார்... கைக்கு வந்தது சாயந்திரம்."

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றாள் டாக்டர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எழுதிக்கொண்டே சொன்னாள்.

எதிர்ச் சுவரில் ஒரு சாதாரணக் கடிகாரம் இருந்தது. அவள் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். வேண்டாம் என்று நினைத்தும் போட்டாள். இடைவேளை முடிந்தது ஐந்து மணிக்கு. அப்பா சாய்ந்தது ஐந்து நாற்பத்தேழுக்கு. பஸ் இங்கே வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம். இருபது நிமிஷம்தான் என்று படிக்கட்டில் அவள் சொன்னபோது, மேசையில் இருக்கிறவர்களின் இருபது நிமிடத்தைத்தான் சொன்னாள். விசிலுக்கு நின்று நின்று ஓடுகிற நிமிடம். அவரும் அதைத்தான் புரிந்துகொண்டு தலையாட்டினார். வேறு எந்த அப்பாவும் மகளும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மேசைக்கு வெளியே இருந்த அம்மாவுக்கு மட்டும் அது எப்போதும் தெரிந்திருந்தது. "உங்க நாப்பது நிமிஷ ஆட்டத்துக்கு எனக்கு ரெண்டு மணி நேரம் சோறு காயுது" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்.

அம்மா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நடைபாதை பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"விழுந்ததும் நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"உடனே போய்ப் பிடிச்சியா?"

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. படிக்கட்டு, டீ, போயிடலாமாம்மா. வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா. விசில் வரட்டும்னு உக்காந்திருந்தேன். பத்தொம்போது செகண்டு. அவர் சாஞ்சது தெரிஞ்சும் பத்தொம்போது செகண்டு நான் எழுந்திருக்கல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அம்மா அவள் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். "பைத்தியக்காரி. பத்தொம்போது செகண்டுல என்னடி ஆயிடப் போவுது? நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தவரைப் பாத்தா யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது. இதைப்போய் மனசுல வெச்சுக்கிட்டு..." முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது. சின்னதைக் கொடுத்துப் பெரியதை மறைத்துக்கொண்டோம் என்று தெரிந்தே அந்தத் தோளில் கிடந்தாள்.

மறுநாள் காலை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். உடலை மத்தியானத்துக்கு மேல்தான் தருவார்கள். அம்மா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னாள். திடீர்னுதான். இடைவேளைலகூட நான் பேசினேன், நல்லாதான் இருந்தார். ஒரு வலியும் படல. சொல்லச் சொல்ல அது அம்மாவைத் தாங்கிக்கொண்டது. வந்தவர்களும், அது போதும், அப்படிப் போகக் கொடுத்து வெச்சிருக்கணும் என்றார்கள். அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு அணி வந்தது. எட்டுப் பேர். கணுக்கால் சுளுக்கியவன் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். நிலைப்படியில் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். சாதாரணச் சட்டை பேண்டில் அவள் அவர்களைப் பார்த்ததில்லை. அரங்கத்தில் அளவாகத் தெரிந்தவர்கள் இந்தக் கூடத்தில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"ஃபேனை நிறுத்துடி, தலையில பட்டுடப் போவுது" என்றாள் அம்மா, அந்த நேரத்திலும்.

அவள் சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்கியதும் கூடம் ரொம்ப அமைதியாகிவிட்டது. எட்டுப் பேரும் சுவரோரமாகக் கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களுக்கும் ஆரம்பித்தாள். திடீர்னுதான் தம்பி. இடைவேளைலகூட... அங்கே நிறுத்திக் கேப்டனைப் பார்த்தாள்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க. இடைவேளைல அவரைப் பாத்தீங்களா?"

அவள் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. கேப்டன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லிவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். அடுத்த கணம் சொல்லிவிடாதே என்று நினைத்தாள்.

"பாத்தேம்மா" என்றான்.

"எப்படி இருந்தார்?"

"நல்லாதான் இருந்தார்." நிமிரவில்லை. "சிரிச்சிட்டு இருந்தார். என்னைக் கிண்டல்கூடப் பண்ணார்."

"கிண்டலா? என்ன சொன்னார்?"

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ ஃப்ரீ த்ரோ போட்டு அது உள்ள விழறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "விழறதுக்குள்ள, நான் வீட்டுக்குப் போய் அவகிட்ட திட்டு வாங்கி, அவ கையால சாப்ட்டுட்டுத் திரும்பி வந்துருவேன்டான்னு சொன்னார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "அவரேதான். அப்படியே அவர்தான்." பிறகு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். "நீ இதை என்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"மறந்துட்டேம்மா" என்றாள்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு, கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான்.